வீட்டுக்குப் பின்னால் வெறும் மணல்தான் தெரிகிறது: எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது?

பின்வாசல்:

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் பாலைவன ஓரத்தில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். பின்கதவைத் திறந்தால் மணல். நடுநடுவே முள்புதர், கொஞ்சம் தள்ளி ஒரு சரளைக்கல் மேடு. இதற்கு முன் இருந்த இடம் பச்சைப்பசேல் என்று இருக்கும். பத்து வருடமாகப் பறவை, பட்டாம்பூச்சி என்று படம் எடுத்துப் பழகியவன் நான். இங்கே வந்ததிலிருந்து கேமராவைத் தொடவே மனம் வரவில்லை.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பி மேட்டைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். மணலில் சின்னச் சின்னத் தடங்கள் தெரிகின்றன. ஆனால் தடம் போட்ட உயிர் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. இத்தனை நாளில் எடுத்த ஒரே படம் ஒரு கருவண்டு. நின்றபடியே மேலிருந்து எடுத்தேன். வெளிறிய மணலில் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

என்னிடம் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் 300 மி.மீ. டெலி லென்ஸும் இருக்கின்றன. தூரப் பயணம் போக நேரமில்லை. வீட்டைச் சுற்றியே பார்க்க வேண்டும். இங்கே பார்க்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

இரவுநடை:

தடம் இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறது. நீங்கள் போகும் நேரம்தான் அவற்றுக்கு ஒத்துவரவில்லை.

சாயங்காலம் மணல் இன்னும் சூடு ஆறியிருக்காது. பகலில் திரிபவை உள்ளே போயிருக்கும். இரவில் திரிபவை வெளியே வந்திருக்காது. நண்பகலில் மேல்மணல் 60 டிகிரியைத் தாண்டும். ஆனால் ஒரு முழம் கீழே போனால் அந்தச் சூடு எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் எல்லாம் கீழே இருக்கின்றன. பாலைவனத்தில் பாதி வாழ்க்கை தரைக்கு அடியில் நடக்கிறது. அது மேலே வரும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

முதலில் விடியற்காலைக்கு மாறிப் பாருங்கள். சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடுங்கள். இரவு முழுவதும் நடந்தது அப்போதுதான் மணலில் அப்படியே கிடக்கும். காற்று எழுந்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது, அதற்கும் உங்களுக்கும் நடுவே தடம் வரும்படி நில்லுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் கண்ணில் படாத தடம்கூட, எதிர்வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

கருவண்டு நடந்தால் இரண்டு பக்கமும் புள்ளி வைத்த கோடு மாதிரி போகும். பல்லி, அரணை போனால் இரண்டு பக்கமும் கால்தடம், நடுவில் வால் இழுத்த கோடு. மணல் எலி தாவிப் போவதால் பின்னங்கால் தடம் ஜோடி ஜோடியாக, இடைவெளி விட்டு விழும். பாம்பு என்றால் தொடர்ந்த வளைவு. பக்கவாட்டில் நகரும் விரியன் வகைகள் மட்டும் தொடர்ச்சி இல்லாமல், சாய்ந்த தனித்தனிக் கோடுகளை அடுக்கிவிட்டுப் போகும். அந்தத் தடத்தைக் கண்டால் அன்றைக்குக் கால் வைக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம் அந்தப் பெரிய வட்டத்தை விட்டுவிடுங்கள். இருபது அடிக்கு இருபது அடி ஒரு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு புதரின் அடிவாரம் இருக்கட்டும், கொஞ்சம் சரளை இருக்கட்டும். ஒரு மாதம் அதையே பாருங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு எலித்தடம் தினமும் ஒரே புதரில் போய் முடிவதை மூன்று வாரம் பார்த்தேன். பிறகு பதினைந்து அடி தள்ளி, காற்று என் பக்கம் வீசும்படி, சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று சாயங்காலம் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் இருட்டும் நேரத்தில் வளை வாயில் முதலில் மீசை தெரிந்தது. அப்புறம் கண். முழு உடம்பும் வெளியே வரப் பத்து நிமிடம் ஆயிற்று. வெளிச்சம் போய்விட்டதால் படம் எடுக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த நேரத்துக்கு எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முழுநிலா நாட்களில் எலிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஆந்தைக்குப் பயந்து புதரோரத்திலேயே ஒதுங்கிக்கொள்ளும். தேய்பிறையில் போங்கள்.

குழியானை:

இருபது அடிகூட வேண்டாம், வீட்டுச் சுவரோரத்தில் தொடங்குங்கள் என்பேன். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், மழையும் காற்றும் படாத பொடிமணலில் புனல் மாதிரிச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா பாருங்கள். குழியானைப் பூச்சியின் புழு தோண்டும் குழிகள் அவை. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

சின்ன வயதில் அந்தக் குழியை ஊதி, பூச்சியை உள்ளங்கையில் வைத்து அது பின்னோக்கி நகர்வதைப் பார்த்திருப்போம். ஆனால் அது வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நகர்ந்து, தலையால் மணலை வீசி வீசிக் குழியை ஆழமாக்கும். மணல் சரியாமல் நிற்கக்கூடிய கடைசிச் சரிவு எதுவோ, அந்தச் சரிவில்தான் சுவர் நிற்கும். அதனால்தான் எறும்பு கால் வைத்ததும் சரிகிறது. எறும்பு ஏறப் பார்த்தால் கீழிருந்து மணலை வீசி மறுபடி சரிய வைக்கும். அதன் குடல் பின்பக்கம் மூடியே இருக்கும். புழுப் பருவம் முழுவதும் கழிவை உள்ளேயே வைத்திருந்து, சிறகு முளைத்து வெளியே வந்த பிறகுதான் வெளியேற்றும்.

வளர்ந்தது பார்க்க ஊசித்தும்பி மாதிரி இருக்கும். இரவில் வாசல் விளக்குக்கு வரும். உணர்கொம்பு நீளமாக, நுனி தடித்திருந்தால் அது குழியானையின் வளர்ந்த உருவம். தும்பிக்கு உணர்கொம்பு மயிரிழை போல் மிகச் சிறியது.

படம் எடுக்க: காலை வெயில் குழியின் ஒரு பக்கம் மட்டும் விழும் நேரம். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல். குழியின் நடுவில் ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். தயவுசெய்து எறும்பைப் பிடித்து உள்ளே போடாதீர்கள். தானாக ஒன்று வரும். நான் ஒரு மணி நேரம் காத்திருந்து, தாடை எழுந்து மணல் தெறிக்கும் படம் ஒன்று கிடைத்தபோது அடைந்த மகிழ்ச்சியை, போட்டு எடுத்த எந்தப் படமும் தந்ததில்லை.

நிழல்தேடி:

எனக்குப் பயன்பட்ட எளிய வழி ஒன்று. ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்காருங்கள். பாலைவனத்தில் தண்ணீர் என்றால் எல்லாம் வரும்.

இரவுநடை:

நிழல்தேடி, இதில் நான் உங்களோடு மாறுபடுகிறேன். நானும் இரண்டு வருடம் தட்டு வைத்தேன். வந்தவை பெரும்பாலும் புறா, சிட்டு, தெருப்பூனை. நான் பார்க்க நினைத்த சின்ன உயிர்களில் பலவற்றுக்குத் திறந்த தண்ணீர் தேவையே இல்லை. கங்காரு எலி போன்றவை வாழ்நாள் முழுவதும் ஒரு சொட்டுக் குடிக்காமலே இருந்துவிடும். விதையைச் செரிக்கும்போது உடம்பில் உண்டாகும் நீரே போதும். சிறுநீரகம் அந்த அளவுக்கு நீரை மிச்சம் பிடிக்கிறது. தட்டு வைத்ததும் என் இடத்தில் பூனை காவல் இருக்கத் தொடங்கியது. பல்லிகள் குறைந்தன. காலையில் தட்டில் வண்டுகள் மிதந்தன.

கடுங்கோடையில் பறவைகளுக்கு வைப்பது வேறு விஷயம். அதை நான் தடுக்கவில்லை. வைத்தால் ஏறி வெளியே வரக் கரடுமுரடான கல்லைச் சாய்த்து வையுங்கள். தினமும் கழுவுங்கள். நீங்கள் கவனிக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் இரவில் உள்ளேயே இருக்கட்டும். நாம் செய்யக்கூடிய உதவிகளில் இதுதான் பெரியது.

சரளைமேடு:

படமெடுக்கும் பக்கத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பின்வாசல், உங்கள் வண்டுப் படம் பொட்டு மாதிரி இருப்பதற்குக் காரணம் லென்ஸ் கிடையாது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். வயிறு மணலில் படும்படி படுங்கள். லென்ஸ் வண்டின் கண் மட்டத்துக்கு வந்ததும் பின்னணி தூர மணலாக மாறிவிடும். அந்த மணல் மங்கி ஒரே நிறத் திரையாகிவிடும். வண்டுக்கு முகம் வந்துவிடும். படுக்கும் முன் அந்த இடத்தைக் கண்ணால் நன்றாகத் துழாவிவிட்டு, ஒரு தடித்த விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் டிரைபாட் தரை மட்டத்துக்கு இறங்காது. ஒரு துணிப்பையில் அரிசியோ பயறோ போட்டுத் தைத்து அதன்மேல் கேமராவை வைக்கிறேன். குலுங்காது, வேண்டிய பக்கம் சாயும்.

அடுத்தது வெயில். சூரியன் ஏறி ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் தரையிலிருந்து சூட்டலை எழும்பத் தொடங்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே டெலி லென்ஸுக்குத் தெரியும். எத்தனை எடுத்தாலும் கூர்மை வராது. முதல் வருடம் லென்ஸ் கெட்டுவிட்டது என்றே நினைத்து அதை விற்கக்கூடப் பார்த்தேன். தரையோடு படுத்து, தூரத்தில் இருப்பதை எடுக்கும்போது இது மிக மோசமாக இருக்கும். மருந்து ஒன்றுதான்: நெருங்குங்கள், அல்லது விடியற்காலையில் எடுங்கள்.

மணல் வெளிறியது என்பதால் கேமரா ஏமாறும். தானாக அளந்தால் மணல் சாம்பல் நிறமாகிவிடும். பெரும்பாலும் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். கருவண்டு மட்டும் படத்தை நிறைத்தால் குறைக்க வேண்டும். மேக்ரோவில் லென்ஸ் துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரை போதும். அதற்கு மேல் மூடினால் ஆழம் கூடும், ஆனால் கூர்மை போய்விடும். பிளாஷ் போட்டால் முன்னால் வெளிச்சத்தைப் பரப்பும் பெரிய டிஃப்யூசர் கட்டாயம். வண்டின் ஓடு கண்ணாடி மாதிரி. நேரடி பிளாஷ் வெள்ளைத் தழும்பாக விழும்.

வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் வண்டிக்குள் உட்கார்ந்து, கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். லென்ஸில் மணல் விழுந்தால் துணியால் துடைக்கவே கூடாது. முதலில் காற்றடிக்கும் ரப்பர் பந்து, அப்புறம் தூரிகை, கடைசியில்தான் துணி. கடலோரப் பாலைவனமாக இருந்தால் குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே எடுத்து வராதீர்கள், கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும். ஜிப் வைத்த பைக்குள் வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள்.

மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். மொபைலில் மாட்டும் சின்ன மேக்ரோ கண்ணாடியோடு நிதானமாக எடுத்த படங்களில் சில என் பெரிய கேமரா படங்களைவிட நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்திருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார், அதுதான் வித்தியாசம்.

பின்வாசல்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக விடியற்காலையில் போகிறேன். முதல் நாளே மலைத்துப்போனேன். நான் வெறும் மணல் என்று நினைத்த இடத்தில் கோலம் போட்டதுபோல் தடங்கள். சுவரோரத்தில் பதினோரு குழியானைக் குழிகள் இருக்கின்றன. நான்கு மாதமாக அவற்றைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்!

இரண்டு கேள்விகள். கருவண்டின் முன் படுத்ததும் அது தலையைத் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. பனித்துளி குடிக்கும் வண்டு என்று எங்கோ படித்தேன், இது அதுதானா?

இன்னொன்று, தேள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது, பார்க்க ஆசையாகவும் இருக்கிறது.

குழியானை:

வண்டுக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் நெருங்கியதால் அது நின்றது. கருவண்டுக் குடும்பத்தில் பல வகைகள் பயந்தால் இப்படிப் பின்பக்கத்தைத் தூக்கும், அதற்கும் எதிரி அஞ்சாவிட்டால் நாற்றமடிக்கும் நீரை விடும். அந்த நிலையில் கண்டால் நாம் கொஞ்சம் பின்வாங்குவதுதான் சரி.

நீங்கள் படித்தது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்து வண்டு. பனிமூட்டம் உள்ள காலைகளில் மணற்குன்றின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும். முதுகில் படியும் நீர் வழிந்து வாய்க்கு வரும். ஹாமில்டன், சீலி என்ற இருவர் இதை 1976இல் எழுதினார்கள். நிற்கும் விதம் ஒன்றுபோல் தெரிந்தாலும் காரணம் வேறு. படத்துக்குக் கீழே எழுதும்போது எந்த நேரம், காற்று எப்படி, நீங்கள் எவ்வளவு அருகில் இருந்தீர்கள் என்பதையும் குறித்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

இரவுநடை:

தேளைப் பற்றி. பயம் நல்லதுதான். ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பயப்படுவதைவிட, தெரிந்துகொண்டு கவனமாக இருப்பது மேல். புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். அந்த வெளிச்சத்தில் தேளின் மேலோடு பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். 395 நானோமீட்டர் டார்ச் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் ஊதா வெளிச்சம் சுற்றிலும் பரவி, ஒளிர்வை மங்கச் செய்யும். 365 நானோமீட்டர் என்றால் சுற்றிலும் இருட்டாக இருக்கும், தேள் மட்டும் தெரியும். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

தோலுரித்த புதிதில் தேள் ஒளிராது, மேலோடு இறுகிய பிறகுதான் ஒளிரும். அதனால் டார்ச்சில் தெரியவில்லை என்றால் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அருங்காட்சியகங்களில் பல வருடங்களாக வைத்திருக்கும் தேள்கள்கூட இன்றும் ஒளிர்கின்றன.

முதல் இரவு எங்கள் பின்சுவரில் ஆறு தேள்களைப் பார்த்தபோது கை நடுங்கியது. இப்போது ஒவ்வொன்றும் எந்த விரிசலில் இருக்கிறது என்று தெரியும். ஒரு முறை ஒரு தாய் தன் முதுகில் குட்டிகளைச் சுமந்துகொண்டு விரிசல் வாயில் நின்றது. முதல் தோலுரிக்கும் வரை குட்டிகள் அங்கேதான் இருக்கும். குட்டிகள் மங்கலாகவும் தாய் பிரகாசமாகவும் தெரிந்தன. மூன்று நொடி எக்ஸ்போஷரில் இரண்டு படம் எடுத்துவிட்டு டார்ச்சை அணைத்துவிட்டேன். தேள்கள் அந்த வெளிச்சத்தை விட்டு விலகப் பார்க்கும், அதனால் அதிக நேரம் அடிக்கக் கூடாது.

சாதாரண நெற்றி விளக்கையும் கண் மட்டத்தில் வைத்து மணலைப் பாருங்கள். பனித்துளி மாதிரிப் பச்சையாக மின்னுவது ஓநாய்ச் சிலந்தியின் கண். அதைப் பின்பற்றி நடந்து போனால் சிலந்தி இருக்கும். ஒட்டகச் சிலந்தி உங்களை நோக்கி ஓடிவந்தால் அது உங்கள் நிழலைத் தேடி வருகிறது, துரத்தவில்லை. அதற்கு விஷமும் இல்லை, தாடை மட்டும் வலுவானது. ஈராக் போர்க் காலத்தில் முயல் அளவுக்கு ஒட்டகச் சிலந்தி என்று பரவிய படத்தில், அவை லென்ஸுக்கு மிக அருகே பிடிக்கப்பட்டிருந்தன. படம் எடுக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: அளவு தெரிய ஏதாவது ஒன்றைப் படத்துக்குள் வைக்காவிட்டால் நாமும் அறியாமலே பொய் சொல்லிவிடுவோம்.

சரளைமேடு:

இரவில் போகிறவர்களுக்கு: கணுக்கால் மூடிய காலணி, போடும் முன் உதறுங்கள். கையை வைக்கும் இடத்தைப் பார்க்காமல் புதருக்குள்ளோ கல்லுக்கு அடியிலோ விரல் விடாதீர்கள். சுருட்டை விரியன் சில நேரம் மணலில் புதைந்து கிடக்கும், தலை மட்டும்தான் வெளியே தெரியும். செதில்களை ஒன்றோடொன்று உரசி எண்ணெயில் பொரிவது போன்ற ஓசை எழுப்பும். அந்த ஓசை கேட்டால் நின்று, எங்கே என்று பார்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள். கடி பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. அந்த உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை. தனியாகப் போனால் எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நிழல்தேடி:

வண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு டப்பாவில் பிடித்துச் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது. நிதானமாக எடுத்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடலாம். பலர் செய்கிறார்கள்.

குழியானை:

பலர் செய்கிறார்கள், உண்மைதான். நானும் ஒரு முறை செய்தேன், மறைக்கவில்லை. பார்க்க அழகான படம்தான். ஆனால் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் உணர்கொம்பு தொங்கிப்போயிருக்கும், கால்கள் உள்ளே மடங்கியிருக்கும். அது வண்டின் இயல்பு அல்ல, மரத்துப்போன உடம்பு. வண்டைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் குளிர்ந்த மணலில் வண்டு தானாகவே மந்தமாக இருக்கும். வெயில் படும்வரை ஒரே இடத்தில் நிற்கும். அதற்காக எழுந்து போவதைத்தான் நான் சொல்கிறேன்.

கல்லைப் புரட்டுவதும் இப்படித்தான். புரட்டினால் அதே பக்கம், அதே பள்ளத்தில் மெல்ல வைக்க வேண்டும். வைக்கும் முன் உள்ளே இருப்பதை ஒதுக்கிவிட்டு வையுங்கள், நசுங்கிவிடும். கல்லின் அடியில் சேர்ந்திருக்கும் கொஞ்சம் ஈரம் பல மாதச் சேமிப்பு. நான் இப்போது புரட்டுவதையே விட்டுவிட்டேன். சரளை மேட்டில் கறுத்து, பொருக்குத் தட்டியது போன்ற மண் இருந்தால் அதன்மேல் நடக்காதீர்கள். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டிய மேலோடு அது. ஒரு மிதியில் உடையும். திரும்ப வளரப் பல வருடங்கள் ஆகும், சில இடங்களில் பல பத்தாண்டுகள்.

நிழல்தேடி:

உணர்கொம்பைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு என் பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். சரிதான். இனி செய்யமாட்டேன். தண்ணீர்த் தட்டையும் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன்.

இரவுநடை:

நன்றி நிழல்தேடி, மனம் நிறைந்தது.

ஒரே இடத்தில் உட்காருவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. பூச்சிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் ஃபாபர் 1879இல் பிரான்சின் தெற்கே வாங்கியது யாருக்கும் வேண்டாத ஒரு கல்லும் முள்ளுமான நிலம், வீட்டை ஒட்டியது. குளவி, சாணவண்டு, தேள் என்று அவர் எழுதியதில் பெரும்பங்கு அந்த வறண்ட நிலத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் பார்த்ததுதான். சாகும்வரை அங்கேயே இருந்தார்.

ஒரு எறும்பைக்கூட அப்படிப் பார்க்கலாம். துனீசியாவின் உப்புப் பரப்பில் திரியும் பாலைவன எறும்பு, இரை தேடிப் பல மீட்டர் கோணல்மாணலாக ஓடிவிட்டு நேர்க்கோட்டில் வளைக்குத் திரும்பும். திசையை வானத்து ஒளியை வைத்து அறிகிறது. தூரத்தை எப்படி அறிகிறது? 2006இல் வெளிவந்த ஆய்வில் விட்லிங்கர், வேனர், வொல்ஃப் என்ற மூவர் இரை எடுத்துத் திரும்பும் எறும்பின் கால்களில் பன்றி மயிர் ஒட்டி நீளமாக்கினார்கள். எறும்பு வளையைத் தாண்டிப் போய்த் தேடியது. கால் குட்டையாக்கப்பட்டவை வளைக்கு முன்பே நின்று தேடின. எட்டுகளை எண்ணுவதுபோல் ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது. அதைப் படித்த பிறகு பின்வாசலில் ஓடும் எறும்பை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. பின்வாசல், உங்கள் இருபது அடியில் ஒரு எறும்பு வளை இருந்தால், இரையோடு திரும்பும் ஒன்றை வளை வரைக்கும் கண்ணால் பின்தொடருங்கள். கேமரா வேண்டாம்.

வாசல் விளக்கைப் பற்றியும் ஒரு சொல். விளக்கடியில் பூச்சிகளைப் படமெடுப்பது எளிது. ஆனால் அவை விரும்பி வருவதில்லை. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பறக்கும் பூச்சி முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பும் பழக்கத்தால் விளக்கைச் சுற்றி மாட்டிக்கொள்கிறது என்று காட்டியது. வானம்தான் வெளிச்சம் என்று இருந்த காலத்துப் பழக்கம். பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

சரளைமேடு:

படத்தைப் பகிரும்போது இடத்தை எழுதாதீர்கள். மொபைல் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். முள்வால் ஓணான்களை எண்ணெய்க்காகப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே வளையில் பல வருடம் வாழும் உயிர் அது. வளை இருக்கும் இடம் தெரிந்தால் தப்ப வழியில்லை. பார்த்த உயிர்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிந்தால் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. பதிவும் பயன்படும், உயிரும் தப்பும்.

குழியானை:

மழை வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடுங்கள், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பாலைவனத்தில் மழைக்கு மறுநாள் என்பது வேறு உலகம். மாதக்கணக்கில் புதைந்து கிடந்த தம்பலப்பூச்சி சிவப்பு வெல்வெட் துணுக்கு மாதிரி மணலில் ஊர்ந்து வரும். ஈசல் புறப்படும் அதே நேரத்தில் வந்து, சிறகுதிர்ந்து விழும் ஈசல்களைத் தின்னும் வகைகள் உண்டு. நம் பழம்பாட்டுக்காரர்கள் இதை மூதாய் என்றார்கள், ‘ஈயல் மூதாய்’ என்று ஈசலோடு சேர்த்தே சொன்னார்கள். மழை முடிந்த செம்மண்ணைக் குனிந்து பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும்.

சில மணி நேரம்தான் வெளியே இருக்கும். சிவப்பு மிக அழுத்தமானது, படத்தில் விவரம் கரைந்து வெறும் சிவப்புப் பூச்சாகிவிடும். கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

பின்வாசல்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். மழை இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.

இருபது அடி இடத்தை விட்டு நான் எங்கும் போகவில்லை. ஒரு நோட்டில் தினமும் நான்கு வரி எழுதுகிறேன். பதினோரு குழியானைகளில் இரண்டு இடம் மாறிவிட்டன, ஒன்றைக் காணோம். பின்சுவரில் தேள் மூன்று. பிள்ளைகளுக்கு எந்த விரிசல் பக்கம் போகக் கூடாது என்று தெரியும், அவர்களே எனக்கு நினைவுபடுத்துகிறார்கள். எறும்பைப் பின்தொடர்ந்தேன். அதைவிடப் பெரிய வெட்டுக்கிளிக் காலை இழுத்துக்கொண்டு இருபது நிமிடம் போனது. வளைக்கு ஒரு சாண் முன்னால் அதை விட்டுவிட்டு உள்ளே போய், இன்னொரு எறும்போடு திரும்பி வந்தது.

புதருக்கு அடியில் ஒரு எலி வளை. இரவுநடை சொன்னதுபோல் முக்காலி போட்டுக் காற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்கு ஒன்பது சாயங்காலம் ஆயிற்று. நேற்று, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, வளை வாயில் மீசை தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பாதி உடம்பு வெளியே வந்து, முன்னங்கால் இரண்டையும் மார்போடு சேர்த்து நிமிர்ந்து நின்று என் பக்கமே பார்த்தது. 300 மி.மீ. லென்ஸில் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 6400. மூன்று படங்கள். இரண்டு ஆடிவிட்டன. மூன்றாவதில் மீசை மட்டும் கொஞ்சம் அசைந்திருக்கிறது, கண் கூர்மையாக இருக்கிறது. கண்ணுக்குள் மேற்கு வானத்தின் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது.

இடக்குறிப்பை நீக்கிவிட்டு நாளை இங்கே போடுகிறேன்.